ஏணிப்படியில் ஏறாத கேள்வி

ஆசிரியர் பேச்சைக் குறைத்து, பிள்ளைகள் கைக்கு வேலை கொடுக்கும் யோசனைக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெரிய சோதனைக்களம் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலியின் ஊரகப் பள்ளிகளைப் பார்த்து, 2003-இல் அன்றைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியால் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கியது; 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவியது.

தரையில் பாய், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, சுவரில் பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி வரைபடம். தன் படியைத் தானே பார்த்து, அதிலுள்ள சின்னத்தை அடையாளம் கண்டு, பிள்ளை அதற்குரிய பாட அட்டையைத் தேடி எடுக்கும். திருவிடந்தை போன்ற கரையோர ஊர்களில் இதன் அருமை தெரியும். திருவிழா, காய்ச்சல், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு வாரம் வராத சிறுமி, பாடம் போய்விட்டதே என்று ஒடுங்க வேண்டாம். விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கும் இது பெரிய ஆறுதல்.

வேகத்தைப் பிள்ளையிடம் விட்ட இந்த முறை, கேள்வியை மட்டும் விடவில்லை. உதாரணமாக, கோயிலின் நித்திய கல்யாணப் பெருமாள் நாளுக்கு ஒருவராக 360 கன்னியரை மணந்தார் என்பது திருவிடந்தைத் தலபுராணம். 'வருசத்துக்கு 365 நாளாச்சே, மிச்ச நாள்ல சாமி என்ன பண்ணுச்சு?' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அதற்குள் கழித்தலும் இருக்கிறது, நாள்காட்டியின் வரலாறும் இருக்கிறது. மாநிலத்துக்கே பொதுவாக அச்சான அட்டையில் அதற்கு இடமேது? குழுக்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு உட்கார்ந்து பேச நேரமும் இல்லை. இதைவிட மோசம், ஒரே படியில் மாதக்கணக்கில் நிற்கும் பிள்ளை. 'அவரவர் வேகம்' என்ற நல்ல வார்த்தைக்குப் பின்னால் அந்தத் தேக்கம் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

கொரோனாவுக்குப் பின் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்தத் தேக்கத்தைக் கவனித்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தது; பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாக ஆசிரியரின் குரல் வகுப்புக்குத் திரும்பியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் 2025-க்குள் என்பது அதன் இலக்காக இருந்தது. இலக்கோடு கணக்கும் வந்தது: மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதற்கே நேரம் போகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் குறை. அது நியாயமான குறைதான். பிள்ளை கேட்பதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய நேரம் அது. குறைப்பதானால் முதலில் அந்தப் பதிவு வேலையைக் குறைக்கலாம். மிச்சமாகும் நேரத்தில் வாரம் ஒரு பாடவேளையை, மதிப்பெண்ணும் செயலியும் தொடாமல், பிள்ளைகளின் கேள்விகளுக்கே விட்டுவிடலாம்.