பிரின்ஸ் ஆஃப் த சிட்டி: ஆள்காட்டியான துப்பறிவாளர்

பிரின்ஸ் ஆஃப் த சிட்டி 1981 இல் வெளிவந்த அமெரிக்கக் குற்றவியல் திரைப்படம். இயக்குநர் சிட்னி லூமெட். நியூயார்க் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்த ராபர்ட் லியூசியின் அனுபவங்களை வைத்து ராபர்ட் டேலி 1978 இல் எழுதிய நூலின் தழுவல் இது. டேலி பத்திரிகையாளர். சிறிது காலம் நியூயார்க் காவல்துறையின் துணை ஆணையராகவும் இருந்தவர். திரைக்கதையை ஜே பிரெஸ்ஸன் ஆலனும் லூமெட்டும் சேர்ந்து எழுதினர். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. படத்தின் நீளம் 167 நிமிடங்கள்.

ஊழல் போலீஸ் பற்றிய படங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் ஒரு நேர்மையான அதிகாரி தனியாக நின்று ஊழலை எதிர்க்கிறார். மற்றதில் ஒரு கெட்ட அதிகாரி வளர்ந்து கடைசியில் வீழ்கிறார். இந்தப் படம் இரண்டிலும் சேராது. இதன் நாயகன் லஞ்சத்தில் பங்கு வாங்கியவன், ஆள்காட்டிகளுக்கு ஹெராயின் கொடுத்தவன், நீதிமன்றத்தில் பொய்ச்சத்தியம் செய்தவன். உண்மையைச் சொல்லத் தானாக முன்வருபவனும் அவனே. அவனை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ படம் ஒரு முறைகூடத் தீர்ப்புச் சொல்வதில்லை. படப்பிடிப்பின்போது தனக்கே அதில் தெளிவில்லாமல் இருந்ததாக லூமெட் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பின்னணி

நியூயார்க் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவில் ஏறத்தாழ 70 துப்பறிவாளர்கள் இருந்தனர். பெரிய போதைப்பொருள் வணிகர்களைப் பிடிப்பது அவர்கள் வேலை. நகரம் முழுவதும் அவர்களுடைய எல்லை. எங்கே போகிறார்கள், யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று கேட்க அநேகமாக ஆளில்லை. அதனால்தான் ‘நகரத்தின் இளவரசர்கள்’ என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. வணிகர்களிடம் பிடிபட்ட பணத்தில் ஒரு பங்கைத் தாங்களே வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாயிற்று. லியூசியின் சாட்சியத்தைத் தொடர்ந்து நடந்த விசாரணைகளின் முடிவில் அந்தப் பிரிவினரில் 52 பேர் மீது குற்றச்சாட்டுப் பதிவானது.

காவல்துறை ஊழலை விசாரிக்க மேயர் ஜான் லிண்ட்ஸே 1970 இல் நியமித்த நாப் ஆணையம் இரண்டு சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தேடி வருவதை மட்டும் வாங்கிக்கொள்பவர்கள் ‘புல் மேய்பவர்கள்’. தாங்களே தேடிப் போய்ப் பறிப்பவர்கள் ‘இறைச்சி தின்பவர்கள்’. படத்தில் இந்த ஆணையம் வேறு பெயரில் வருகிறது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் நிலை விளங்கும். நியூயார்க் போதைத்தடுப்புத் துப்பறிவாளர்கள் 1962 இல் ஒரு பெரும் ஹெராயின் கடத்தலைக் கண்டுபிடித்ததை வைத்து எடுக்கப்பட்ட ‘த பிரெஞ்ச் கனெக்‌ஷன்’ 1972 ஏப்ரலில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், காவல்துறையின் சொத்துப் பாதுகாப்பு அறையிலிருந்து பல நூறு பவுண்டு போதைப்பொருள் களவுபோயிருப்பது தெரியவந்தது. அந்தப் புகழ்பெற்ற வழக்கில் பிடிபட்ட ஹெராயினும் அதில் அடக்கம். திரையில் கைதட்டல் வாங்கிய சரக்கைக் காவல்துறையின் அறையிலேயே காணவில்லை!

கதை

டேனி சியெல்லோ (ட்ரீட் வில்லியம்ஸ்) இளம் துப்பறிவாளன். குழுவில் அவனோடு இருப்பவர்கள் சக ஊழியர்கள் மட்டுமல்லர், உடன்பிறந்தவர்கள் போன்றவர்கள். போதைக்கு அடிமையான அவனுடைய சொந்தத் தம்பி ஒரு நாள் அவன் முகத்துக்கு நேரே, நீ யோக்கியனா என்கிற தொனியில் கேட்கிறான். அது அவனைக் குடைகிறது. விசாரணை ஆணையத்தின் வழக்கறிஞர் கேப்பலினோவிடம் அவனாகவே போகிறான். உடலில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு லஞ்ச வழக்கறிஞர்களையும் பிணைத்தொகைத் தரகர்களையும் ஊழல் போலீஸ்காரர்களையும் சிக்கவைக்கச் சம்மதிக்கிறான். ஒரே நிபந்தனை, தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கமாட்டான். தான் செய்த தவறுகள் மூன்று மட்டுமே என்றும் சொல்கிறான். நிபந்தனையும் நிற்பதில்லை, மூன்று என்ற கணக்கும் நிற்பதில்லை. மீதிப் படம் அவை இரண்டும் எப்படிக் கரைகின்றன என்பதுதான்.

மழை இரவு

படத்தின் முதல் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. கதை நகர்வதற்கு அது தேவையில்லை. ஆனால் அதை நீக்கிவிட்டால் படமே இல்லை.

நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கிறது. சியெல்லோவின் ஆள்காட்டி ஒருவன் ஹெராயின் கிடைக்காமல் துடிக்கிறான். சியெல்லோ வீட்டை விட்டுக் கிளம்பி, கொட்டும் மழையில் வேறொரு போதையாளனைத் துரத்திப் பிடித்து, அடித்து, அவனிடம் இருந்ததைப் பிடுங்கி வந்து தன் ஆளுக்குக் கொடுக்கிறான். பிறகு மனம் கேளாமல், பறிகொடுத்தவனை அவன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறான். அங்கே அவனோடு இருக்கும் பெண் மிச்சமிருந்ததைத் தானே பயன்படுத்திவிட்டாள். அவன் அவளை அடிக்கத் தொடங்குகிறான். சியெல்லோ பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இந்தக் காட்சியில் பணம் கைமாறவில்லை. யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஊழல் என்றதும் நினைவுக்கு வரும் உறையோ பெட்டியோ இல்லை. ஆள்காட்டி இல்லாமல் வழக்கு இல்லை, ஹெராயின் இல்லாமல் ஆள்காட்டி இல்லை. அந்த ஹெராயினைக் கொடுக்க அரசிடம் வழியில்லை. ஆகவே சட்டத்தைக் காக்கிறவன் தெருவில் வழிப்பறி செய்கிறான். அதையும் ஒருவகைக் கருணையோடு செய்கிறான். இதைவிடத் தெளிவாக ஊழலின் உள்ளமைப்பைக் காட்டிய காட்சி போலீஸ் படங்களில் அரிது.

காட்சியின் முழு அர்த்தம் பிற்பகுதியில்தான் தெரிகிறது. வழக்கறிஞர்களிடம் சியெல்லோவின் நிலை மெல்ல மெல்ல அந்த ஆள்காட்டியின் நிலையாக மாறுகிறது. அவர்கள் கூப்பிட்ட நேரத்தில் போகிறான். கேட்ட பெயரைக் கொடுக்கிறான். பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பது, நீ நல்லவன், நீ எங்களில் ஒருவன் என்கிற ஆறுதல் மட்டுமே. அது கொஞ்ச நேரம் தாங்குகிறது, மறுபடி தேவைப்படுகிறது. சியெல்லோ தன் ஆள்காட்டியை உண்மையாகவே நேசித்தான். வழக்கறிஞர்கள் சிலரும் சியெல்லோவை உண்மையாகவே நேசிக்கிறார்கள். அதனால் உறவின் தன்மை மாறிவிடவில்லை. கேப்பலினோவும் அவருடைய தோழர் பெய்ஜும் அடுத்த அடுத்த பதவிகளுக்குப் போய்விட, அவர்கள் இடத்தில் வருகிறவர்களுக்குச் சியெல்லோ ஒரு கோப்பு. ஆறுதல் சொல்லவும் அவர்களுக்கு நேரமில்லை.

அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும் குற்றவாளியைத் தமிழ் நாளிதழ்கள் ‘அப்ரூவர்’ என்கின்றன. ஊரில் அவனை அழைக்கும் சொல் வேறு. ஒரே ஆளுக்கு நீதிமன்றத்தில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயரும் இருப்பது நியூயார்க்கிலும் அப்படித்தான். அங்கே தெருச்சொல் ‘எலி’. சியெல்லோ படம் முழுக்க ஓடி ஒளிவது இந்தச் சொல்லிடமிருந்துதான்.

மூன்று, பிறகு அதற்கு மேல்

சியெல்லோ ஏன் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லவில்லை? பொய்யன் என்று விட்டுவிடலாம். படம் அதற்கு இடம் தருவதில்லை. அவன் செய்த ஒவ்வொரு தவறும் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து செய்தது. தன் பாவத்தைச் சொன்னால் அடுத்தவன் பெயரும் கூடவே வந்துவிடும். முழு உண்மை என்பது முழுத் துரோகம். எனவே தவணை தவணையாகச் சொல்கிறான். ஒவ்வொரு தவணையிலும் நீதிமன்றத்தில் முன்பு சொன்னது பொய்ச்சாட்சியம் ஆகிறது. ஒவ்வொரு தவணையிலும் ஒரு நண்பன் போகிறான். ஜினோ மஸ்கோன் என்ற கூட்டாளி தற்கொலை செய்துகொள்கிறான்.

இதற்கு எதிர்முனையில் நிற்பவன் கஸ் லெவி (ஜெர்ரி ஆர்பாக்). அவனும் சுத்தமானவன் அல்லன். ஆனால் பேச மறுக்கிறான். மிரட்டும் வழக்கறிஞரின் மேசையைக் கவிழ்த்துவிட்டுப் போகும் இடத்தில் பார்வையாளர் மனம் அவன் பக்கம் சாய்வது தவிர்க்க முடியாதது. அப்படிச் சாய்ந்த மறுகணமே, குற்றத்தை மறைப்பவனுக்காகவா மகிழ்ந்தோம் என்று உறுத்தவும் செய்கிறது. இந்த உறுத்தல்தான் படத்தின் சாதனை. ஆர்பாக் பின்னாளில் ‘லா அண்ட் ஆர்டர்’ தொலைக்காட்சித் தொடரின் துப்பறிவாளராகப் பெரும் புகழ் பெற்றார். இந்தப் பாத்திரத்தின் தனிமையும் முறுக்கும் அங்கே அவருக்கு வாய்க்கவில்லை.

லூமெட்டே 1973 இல் இயக்கிய ‘செர்பிகோ’ இதே காவல்துறையைப் பற்றியது. அல் பசினோ நடித்த அந்த நாயகன் ஒரு காசு தொடாதவன். அவனை நேசிப்பது எளிது. ஏனென்றால் அவன் யாரையும் இழக்கவில்லை, சக போலீஸ்காரர்களோடு அவனுக்கு முதலிலிருந்தே ஒட்டில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து லூமெட் கடினமான பாதியை எடுத்துக்கொண்டார். ஊழலுக்கு வெளியே நிற்பவன் அல்ல, உள்ளே இருந்து, உள்ளே இருப்பவர்களை நேசித்துக்கொண்டே பேசுபவன். முந்தைய படம் அதிகம் அறியப்பட்டது. ஆழத்தில் இதுவே மேல்.

காட்சியமைப்பு

ஒளிப்பதிவு ஆந்த்ரே பார்ட்கோவியாக். தன் ‘மேக்கிங் மூவீஸ்’ நூலில் லூமெட் இந்தப் படத்துக்கு வகுத்துக்கொண்ட விதிகளை விளக்கியிருக்கிறார். திரைப்படம் பயிலும் மாணவர்களுக்கு அவை நல்ல பாடம். மனிதக் கண்ணின் பார்வைக்கு நெருக்கமான இடைநிலை லென்ஸ்களை இந்தப் படத்தில் அவர் பயன்படுத்தவில்லை. எல்லாம் அகன்ற கோணம், அல்லது தொலைவை இழுத்துக் காட்டுவது. எனவே ஒரு தெரு உள்ளபடி தெரிவதில்லை, ஒன்று நீள்கிறது, அல்லது நசுங்குகிறது. யார் எவ்வளவு நெருக்கம் என்று சியெல்லோவுக்குத் தெரியாதது போலவே பார்ப்பவருக்கும் தெரிவதில்லை.

ஒளியமைப்பிலும் ஒரு கணக்கு உண்டு. முதல் பகுதியில் நடிகர்களைவிடப் பின்னணி வெளிச்சமாக இருக்கும். நடுவில் இரண்டும் சமம். கடைசிப் பகுதியில் பின்னணி இருண்டு முகங்கள் மட்டும் எஞ்சும். நகரம் முழுவதும் தன்னுடையது என்றிருந்தவனுக்கு முடிவில் நகரமே இல்லை. வானத்தையும் படம் மறைத்தே வைக்கிறது. பாலத்தின்மேல் சியெல்லோ சாவை யோசித்தபடி நடக்கும் இடத்தில் மட்டும் திரை நிறைய வானம் வருகிறது. விடுதலைக்கான அடையாளமாக அதை லூமெட் வைத்ததாகப் படித்த பிறகு பார்த்தால் அந்தக் காட்சி மேலும் கலங்கவைக்கும்.

குறைகள்

பேசும் பாத்திரங்கள் நூற்றுக்கும் மேல். வழக்கறிஞர்களின் பெயர்களும் அலுவலகங்களும் வந்துகொண்டே இருக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு இரண்டாம் மணி நேரத்தில் யார் எந்தத் துறை என்று குழம்பும். ட்ரீட் வில்லியம்ஸ் தொடக்கத்தில் கத்தும் சில காட்சிகள் மேடை நாடகத்தை நினைவூட்டுகின்றன. பிற்பகுதியில் அவர் அடங்க அடங்க நடிப்பு உயர்கிறது. மனைவி கார்லாவாக வரும் லிண்ட்சே க்ரௌஸ் நல்ல நடிகை, எழுத்து அவருக்குக் கவலைப்படும் வேலையை மட்டுமே தந்திருக்கிறது.

பெரிய குறை வேறு. மழை இரவில் அடிபட்டவனும் அவனிடம் அடிபட்ட பெண்ணும் அதன்பிறகு வருவதில்லை. துப்பறிவாளர்களின் மனசாட்சிக்குப் படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தருகிறது, அவர்கள் யாருக்குத் தீங்கு செய்தார்களோ அவர்களுக்குச் சில நிமிடங்கள். சியெல்லோ யாரைக் காட்டிக்கொடுத்தான் என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. யாரிடமிருந்து பிடுங்கினான் என்ற கேள்வி ஒரே இரவோடு முடிந்துவிடுகிறது. விசாரித்த அலுவலகங்களும் கேட்காத கேள்வி அது என்று படத்துக்காக வாதிடலாம். அந்த வாதம் பாதி தூரம்தான் போகும்.

முடிவு

பொய்ச்சாட்சியத்துக்காகச் சியெல்லோ மீது வழக்குத் தொடரலாமா என்று அரசு வழக்கறிஞர்கள் கூடி விவாதிக்கிறார்கள். அவன் உதவியை நினைப்பவர்கள் ஒரு பக்கம், அவன் செய்த குற்றங்களை எண்ணுபவர்கள் மறுபக்கம். இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. படத்தை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள் இந்த இடத்தில் நிறுத்தி மாணவர்களைப் பேசவிடலாம். வழக்கு வேண்டாம் என்று முடிவாகிறது. அது மன்னிப்பு அல்ல, ஒரு நிர்வாக முடிவு.

கடைசிக் காட்சி காவலர் பயிற்சிக் கல்லூரி. சியெல்லோ பாடம் எடுக்க வந்திருக்கிறான். இளம் அதிகாரி ஒருவர் எழுந்து, அந்தச் சியெல்லோ நீங்கள்தானா என்று கேட்கிறார். ஆம் என்கிறான். உங்களிடம் கற்றுக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறுகிறார். அவர் ஊழலை வெறுப்பதால் போகிறாரா, காட்டிக்கொடுத்ததை வெறுப்பதால் போகிறாரா என்பதைப் படம் சொல்வதில்லை.

லூமெட் இதே உலகத்துக்கு மேலும் இரண்டு முறை திரும்பினார். 1990 இல் வந்த ‘க்யூ அண்ட் ஏ’ படத்தில் நிக் நோல்டி கொடூரமான துப்பறிவாளராக நடித்தார். 1996 இன் ‘நைட் ஃபால்ஸ் ஆன் மன்ஹாட்டன்’ டேலியின் நாவல் ஒன்றைத் தழுவியது. ராபர்ட் லியூசி 1981 இல், படம் வெளிவந்த ஆண்டிலேயே, ஓய்வு பெற்று நாவலாசிரியரானார். 2015 இல் மறைந்தார்.