பக்கத்தின் நெற்றியில் ஒரு வரி

தடித்த நூலொன்றை நடுவே திறந்த மாத்திரத்தில், எந்த நூலில், எந்த அத்தியாயத்தில் நிற்கிறோம் என்பதை நாம் கேட்குமுன்னரே தெரிவித்துவிடும் அந்த ஒற்றை வரியைப் பெரும்பாலோர் கண்ணால் காண்கிறார்களேயன்றிக் கருத்தில் கொள்வதில்லை. இடப்பக்கத்தில் நூலின் பெயர், வலப்பக்கத்தில் அத்தியாயத்தின் பெயர் என்பது நெடுநாளைய சம்பிரதாயம். அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் மட்டும், பெரிய தலைப்பே அங்கு வீற்றிருப்பதால், இச்சிறு வரி மரியாதையாக விலகிக்கொள்ளும்.

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில், ஒரேமுறையில் அச்சாகும் பக்கத்தொகுதியான பாரம் ஒன்று அச்சாகி முடிந்ததும் இத்தலைவரிகளை மட்டும் கலைக்காது எடுத்து அடுத்த பாரத்தில் பொருத்தும் சிக்கனம் அச்சுக்கூடங்களில் இருந்தது. அதனால், சிதைந்த எழுத்தொன்று பக்கம் பக்கமாக மீண்டும் தலைகாட்டும். அந்தச் சிறு தடயத்தைப் பற்றிக்கொண்டே ஷேக்ஸ்பியர் காலத்து நூல்கள் அச்சேறிய கிரமத்தைப் பண்டிதர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமே.

இக்காலத்து வேர்டு செயலியிலோ, அத்தியாயங்களைத் தனித்தனிப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவின் தலைவரியையும் முந்தைய பிரிவோடு பிணைத்திருக்கும் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காவிடில், ஐந்தாம் அத்தியாயத்தில் செய்த மாற்றம் முந்தைய நான்கையும் சத்தமின்றித் தொற்றிவிடும். இதனினும் சாதுரியமான உபாயம், ஸ்டைல்ரெஃப் என்னும் புலத்தை ஒரேமுறை பக்கத்தின் தலையில் பதித்துவிடுவது: தலைப்புக்குரிய பாணியில் அமைந்த வரியை அதுவே தேடி எடுத்துப் பக்கந்தோறும் நிறுத்திக்கொள்ளும். அச்சுக்குப் போவதற்கு முதல்நாள் இரவில் நூலாசிரியர் அத்தியாயத்தின் பெயரை மாற்றினாலும் (மாற்றாத நூலாசிரியர் எங்கேயிருக்கிறார்?) தலைவரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தும் சிரமம் அச்சுக்கு வடிவமைப்பவருக்கு இல்லை.