உடல் அதிருப்தியும் உளவியல் விளக்கமும்: பிஜித் தீவு ஆய்வு பற்றிய ஒரு குறிப்பு

கட்டிளமைப் பருவப் பெண்கள் தம்முடல்மீது கொள்ளும் அதிருப்தியை உளவியலாளர் பெரும்பாலும் தாழ்வுணர்ச்சி, ஒப்பீட்டு மனப்பாங்கு ஆகியவற்றின் வழியே விளக்குவர். லியோன் பெஸ்ரிங்கர் 1954இல் முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு இதற்கு அடித்தளமாயிற்று. மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர் என்பது மெய்யே. ஆயின், எவரோடு, எதன்பொருட்டு என்னும் வினாக்கள் எஞ்சிநிற்கின்றன.

ஆன் பெக்கரும் அவருடன் பணியாற்றியோரும் பிஜியில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் எமக்குப் பயன்படுகிறது. பருத்த உடலை உறவினரின் பராமரிப்புக்குச் சான்றென மதித்த சமூகம் அது. 1995இல் அப்பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் வினவப்பட்ட மாணவியருள், எடையைக் கட்டுப்படுத்த வாந்தியெடுத்தோர் எவருமிலர். 1998இல் அவ்வாறு செய்தோர் நூற்றுக்கு 11.3 வீதத்தினர். இருமுறையும் வினவப்பட்டோர் வெவ்வேறு மாணவியர். தொகையும் முறையே 63, 65 மாத்திரமே. எனவே இவ்வெண்களைக் கொண்டு தொலைக்காட்சியை மட்டும் குற்றவாளியாக்குவது அவசரமாகும்.

எம் கவனத்தை ஈர்ப்பவை மாணவியரின் கூற்றுக்களே. மெலிந்தால் தொழில் கிட்டும், திரையிற் காணும் பெண்களைப்போல் முன்னேறலாம் என அவர்களிற் சிலர் கருதினர். இதனை மனக்கோளாறு எனல் பொருந்துமா? பணப் பொருளாதாரம் வேகமாகப் பரவும் சமூகத்தில் பெண்ணுடலும் தொழிற்சந்தைக்குரிய தகைமைச் சான்றிதழாகிவிடுகிறது. அப்பெண்கள் தம் நிலைமையைத் தவறாகக் கணித்தனர் என்று கூற நாம் தயங்குகிறோம். பெக்கர் இதனைப் பதிவுசெய்தே சென்றார். அவரை மேற்கோள் காட்டுவோரிற் பலர் வீதங்களை மட்டும் எடுத்துக்கொண்டனர்.