நோவறிந்த கை

வெளியே நுகேகொடை ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே இயன்மருத்துவரின் அறையில் கேட்பவை எல்லாம் சின்னச் சத்தங்கள்: கப்பியில் கயிறு கிறீச்சிடுவது, கட்டிலின் ரெக்சீன் உறை மெல்ல முனகுவது, நோயாளி அடக்கிவைத்த மூச்சை விடுவது. இயன்மருத்துவரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதலில் உள்ளங்கை முழுவதும் முழங்காலில் படியும். சூடு, வீக்கம், நடுக்கம் எல்லாவற்றையும் அது அறிந்த பிறகுதான் விரல்கள் சில்லைத் தேடும். மூட்டை மெல்ல மடக்கிக்கொண்டு போய், இனி நோகும் என்ற இடத்துக்கு ஒரு நூலளவு முன்னே நிற்பார். தந்தி அறுபடாத முறுக்கை அறிந்த வீணைக்காரரின் நிதானம் அது. கண் மட்டும் நோயாளியின் முகத்தில் இருக்கும். “நோகுதா அம்மா?” என்று வாய் கேட்குமுன்பே, சுருங்கிய புருவத்தைக் கண்டு கை தளர்ந்துவிடும்.

பிறகு பொறுமையின் நேரம். சுருட்டிய துவாயை முழங்காலின் கீழ் வைத்து, “அமத்துங்கோ, ஐந்து எண்ணுங்கோ, விடுங்கோ.” மறுபடியும் அதே. சத்திரசிகிச்சை செய்த கால் ஏறத்தாழ 90 பாகை மடங்கினால்தான் கதிரையிலிருந்து வசதியாக எழும்பலாம். அந்த அளவை நோக்கி ஒவ்வொரு பாகையாக நகர்வதில் அவருக்குச் சலிப்பில்லை. ஆனால் அவருடையது பாதி வேலைதான். மீதி வீட்டில், காலையும் மாலையும் நாங்கள் செய்ய வேண்டியது. அவர் தந்த பயிற்சித் தாளை அலுமாரிக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள்.