தெருவின் கண்களும் வீட்டின் கதவும்

‘மாபெரும் அமெரிக்க நகரங்களின் சாவும் வாழ்வும்’ என்னும் பொருள்படும் நூலை ஜேன் ஜேக்கப்ஸ் 1961ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் நகரமைப்பில் பட்டம் பெற்றவர் அல்லர், இதழ்ப்பணி ஆற்றியவர். ஆயினும் நகரமைப்பு வல்லுநர் எவரும் புறக்கணிக்க இயலாத நூலாக அது நிலைபெற்றது. அதன் வலிமையும் குறையும் ஒருங்கே ஆராயத்தக்கன.

நூல் எழுந்த சூழலை முதற்கண் நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க நகரங்கள் வெளிநோக்கிப் பரந்தன. நியூயார்க் நகருக்கு அப்பால், லாங் தீவின் உருளைக்கிழங்கு வயல்களில், 1947 முதல் 1951 வரை 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்து லெவிட்டவுன் என்னும் புறநகர் உருவாயிற்று. 1956ஆம் ஆண்டின் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிவகுத்தது. செலவில் பத்தில் ஒன்பது பங்கைக் கூட்டரசு ஏற்றது. வீடு ஓரிடம், கடை ஓரிடம், தொழில் ஓரிடம் என வாழ்வு கூறுபட்டது. பால் வாங்குவதற்கும் மோட்டார் வண்டி வேண்டும் என்னும் நிலை பிறந்தது.

இப்போக்கிற்கு மறுப்பாக, ஜேக்கப்ஸ் தாம் வாழ்ந்த ஹட்சன் தெருவையே சான்றாக்குகிறார். காலையில் கடை திறப்போர், பள்ளி செல்லும் சிறுவர், இரவில் வீடு திரும்புவோர் என எந்நேரமும் அங்கு ஆள் நடமாட்டம் உண்டு. அந்நடமாட்டமே காவல்; தெருவைக் காண்போரின் கண்களே அதன் பாதுகாப்பு. பலவகைப் பயன்பாடு, குறுகிய தெருக்கூறுகள், பழமையும் புதுமையும் கலந்த கட்டடங்கள், போதிய மக்கள் செறிவு ஆகிய நான்கும் நகருக்கு உயிரூட்டும் என்பது அவர் முடிபு. கண்டறிந்ததிலிருந்து கொள்கையை வகுக்கும் இம்முறையே நூலின் தலையாய சிறப்பு.

லூயிஸ் மம்ஃபோர்ட் 1962ஆம் ஆண்டில் இந்நூலைக் கடுமையாகச் சாடினார். நகரின் அழகை ஜேக்கப்ஸ் பொருட்படுத்தவில்லை என்பது அவர் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. எனினும் நூலின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. லெவிட்டவுனின் தொடக்ககால ஒப்பந்தங்கள் வெள்ளையர் அல்லாதார் குடியிருப்பதைத் தடுத்தன. 1934இல் அமைந்த கூட்டரசு வீட்டுக்கடன் காப்புறுதித் துறை, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் ஒதுக்கியது. சில பகுதிகளுக்குக் கடன் மறுக்கப்பட்டதை ஜேக்கப்ஸ் சுட்டத் தவறவில்லை. ஆயினும் ஒதுக்கப்பட்ட அம்மக்கள் அவர் நூலின் நடுவிடத்தைப் பெறவில்லை. தெருவுக்குக் கண் உண்டு எனக் காட்டியவர், அத்தெருவின் வீட்டுக் கதவு யாருக்குத் திறந்தது என்று போதிய அழுத்தத்துடன் வினவவில்லை.

அவ்வினாவைக் காலமே எழுப்பிவிட்டது. அவர் போற்றிய கிரினிச் வில்லேஜ் இன்று செல்வர்க்கே எட்டும் இடம். உயிருள்ள தெருவை நாடுவோர் பலராகவும் அத்தகைய தெருக்கள் சிலவாகவும் இருப்பின் விலை ஏறுதல் இயல்பே. அவற்றைப் பெருக்க விடாது தடுத்ததில் சட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. நிலப்பயன்பாட்டைப் பிரித்து வரையறுக்கும் உரிமையை 1926இல் உச்ச நீதிமன்றம் ஊர்களுக்கு உறுதிசெய்தது. அதன் துணையால் ஒரு மனைக்கு ஒரு வீடே என்னும் விதி நாடெங்கும் வேரூன்றியது.

சட்டம் கட்டியதைச் சட்டமே அவிழ்க்கவும் கூடும். ஒரு மனையில் மூன்று வீடுகள் வரை கட்ட இடந்தரும் திட்டத்தை மினியாப்பொலிஸ் நகரமன்றம் 2018இல் ஏற்றது. ஒரிகன் மாநிலம் 2019இல் அத்தகைய சட்டமொன்றை இயற்றியது. ஜேக்கப்ஸ் விரும்பிய செறிவுக்கும், அவர் அழுத்தாது விட்ட நீதிக்கும் இவை ஒருங்கே வழிகோலக்கூடும்.

தெருவைக் காணக் கற்பிக்கும் இந்நூலை மாணவர் கற்றல் வேண்டும்; கற்றபின், அத்தெருவில் வாழ இடம்பெறாதோர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும்.