இரண்டு தன்வரலாறுகளும் ஒரு கேள்வியும்

சென்ற ஆண்டு ஒரு மாலை, நம் சங்க நூலகத்தில் திருநங்கையரின் தன்வரலாறுகளைப் பற்றி நண்பர்கள் சிலர் உரையாடிக்கொண்டிருந்தோம். மூத்த அன்பர் ஒருவர் கேட்டார்: "அவர்களுக்குள்ளேயே ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புவதில்லையே! முதலில் அவர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும்; நாம் ஏற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்." அன்று எனக்கு விடை தோன்றவில்லை. இரு நூல்களையும் மீண்டும் படித்தபின் தோன்றியதை ஈண்டு எழுதுகிறேன்.

தமிழ் இலக்கணம் இம்மக்களை மறந்ததில்லை. ஆண்மையினின்று பெண்மைக்குத் திரிந்தாரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் உயர்திணையிலேயே வைத்தார். தெய்வப் பெயரைப் போன்றே அதற்கும் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே முடியும் என்றார். நன்னூலார், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் கொண்டார். விருப்பத்தின் வழியே பாலை வகுத்த அவரே, அஃறிணை போலவும் கொள்ளலாம் என்று அந்நூற்பாவை முடித்தார். ஆக, இலக்கண ஆசிரியரிடையேயும் இப்பொருளில் ஒருமித்த கருத்து இல்லை.

தற்கால இலக்கியத்தில் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல் 1994இல் நூலாயிற்று. பரிவோடு எழுதப்பட்ட படைப்பே ஆயினும், அது வெளியிலிருந்து பார்த்த கண்ணின் படைப்பு. உள்ளிருந்து எழுந்த குரல்களாக நான் எடுத்துக்கொள்பவை, லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'வும் (2007), அ. ரேவதியின் 'வெள்ளை மொழி'யும் (2011) ஆகும். ரேவதியின் வாழ்க்கை, தமிழ்க் கைப்படியிலிருந்து பெயர்க்கப்பட்டு 2010இல் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்து, தமிழில் அதன் பின்னரே நூலானது என்பது நாம் சிறிது நாண வேண்டிய செய்தி.

இருவரும் நம்மைப் போலவே ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள். நம்மில் பலர் ஜி.டி. விரைவு வண்டியில் வந்திறங்கிய இதே தில்லிக்கு, நாமக்கல் பகுதிச் சிற்றூரிலிருந்து ரேவதியும் வந்தார். பின்னர் மும்பைக்கும் பெங்களூருக்கும் சென்றார். திருச்சியில் பிறந்து மொழியியலில் முதுகலை பயின்ற வித்யா புனேக்குச் சென்றார். நமக்கு அரசு ஆணை கையில் இருந்தது. திரும்பிச் செல்ல வீடும் இருந்தது. அவர்களுக்கு இரண்டும் இல்லை.

இவ்வளவு ஒப்புமை இருந்தும், இரு நூல்களும் ஒரே வாழ்வைச் சொல்லவில்லை. ரேவதிக்கு ஜமாத் என்பது பிறந்த வீடு மறுத்த தாய்மையைத் தந்த இடம். குருவும் சேலாவும் தாயும் மகளுமாகப் பழகும் அவ்வீட்டின் அன்பை எழுதும் அவர், அதன் கட்டுப்பாட்டையும் தண்டனையையும் மறைக்கவில்லை. பாலியல் தொழிலில் தாம் கழித்த நாள்களையும் மன்னிப்புக் கேட்கும் குரலில் கூறவில்லை. வித்யாவோ, தொடர்வண்டியில் கைநீட்டிய ஒவ்வொரு நாளையும் தம் கல்விக்கு நேர்ந்த அவமதிப்பாக உணர்கிறார். அவர் வேண்டுவது நம் எல்லாரையும் போல ஒரு வேலை, ஒரு மாத ஊதியம், சான்றிதழில் தம் பெயர். மதுரையில் அவ்வேலை கிடைக்கும் பகுதியைப் படிக்கையில் எழுத்தர் பணியின் அருமை எனக்கே புதிதாக விளங்கிற்று.

நடையிலும் இருவர் இயல்பும் வேறு. வித்யாவின் நடை விரைவானது. கேலியும் சினமும் கலந்தது. சில இடங்களில் நின்று பார்க்க வேண்டியதைத் தாண்டி ஓடிவிடுவது. ரேவதியின் நடை திண்ணையில் அமர்ந்து கதை சொல்வது போன்றது. கூறியது கூறலுக்கு அஞ்சாதது. அதனாலேயே நெஞ்சில் தங்குவது. ஒன்றைப் படித்துவிட்டு 'திருநங்கையர் இப்படித்தான்' என்று முடிவு கட்டுவோரை மற்றொன்று திருத்திவிடும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மாறுபாடுகள் இத்துடன் நிற்கவில்லை. கூத்தாண்டவர் கதை தந்த 'அரவாணி' என்னும் பெயரை உரிமையோடு ஏற்றவரும் உண்டு; ஒரு சடங்கோடு தம்மைப் பிணைக்கிறது என மறுத்து, 'திருநங்கை' என்பதைக் கொண்டவரும் உண்டு. 'நிர்வாணம்' எனப்படும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு ஜமாத்தில் மதிப்பு மிகுதி. அது கட்டாயமன்று என 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ விழையும் திருநம்பியர் நெடுங்காலம் இவ்வுரையாடலின் ஓரத்திலேயே நின்றனர். 2016இல் வந்த தம் ஆங்கில நூலில் ரேவதி அவர்களுடைய வாழ்க்கைகளுக்கும் இடம் தந்தார். ஒருபால் விருப்பம் குற்றமன்று என 2018இல் தீர்ப்பாயிற்று. அத்தகையோரின் திருமண உரிமையை ஏற்க 2023இல் நீதிமன்றம் மறுத்தது. அப்போதும் திருமண உரிமையே முதன்மை என்றோர் ஒருபுறம். உணவும் உறைவிடமும் முதலில் என்றோர் மறுபுறம். திருமணமே பழந்தளை என்றோர் பிறிதொருபுறம்.

இனி, அன்பரின் வினாவுக்கு வருவோம். வடபுலத்தில் நம் அனைவரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கும்போது நமக்கு எத்துணைச் சினம் வருகிறது! தஞ்சைக்காரரும் நெல்லைக்காரரும் ஒன்றா என்கிறோம். நம் சங்கப் பொதுக்குழுவில் ஆண்டுவிழாவின் நாளைக் குறிப்பதற்கே மூன்று கட்சிகள் எழுகின்றன. எனினும், "முதலில் நீங்கள் ஒத்த கருத்துக்கு வாருங்கள்; அதன்பின் வாடகைக்கு வீடு தருகிறோம்" என்று எவரேனும் கூறினால் பொறுப்போமா? கருத்து மாறுபடுதல் மனிதரின் இயல்பு. அதை நமக்கு உரிமை என்றும் அவர்களுக்குக் குறை என்றும் கொள்வது நடுவுநிலை ஆகாது. ஏற்றல் என்பது ஒற்றுமைக்குத் தரும் பரிசு அன்று.

இவ்விரு நூல்களும் நம் நூலகத்தில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என விண்ணப்பம் எழுதிக் கொடுத்துள்ளேன். அவை வந்ததும் முதலில் அம்மூத்த அன்பரின் பெயரில்தான் பதிவாக வேண்டும் என்பது என் விருப்பம். படித்தபின் அவர் என்னோடு மாறுபடலாம். அதையும் கேட்கக் காத்திருக்கிறேன்.