தஞ்சைக் கண்ணாடி ஓவியம்: நகலா, தனிக்கலையா?

18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின்வழி இந்தியா வந்த கண்ணாடி ஓவியமுறை பின்னர்த் தஞ்சையிலும் வேரூன்றியது. 1980இல் ஜெயா அப்பாசாமி இந்தியக் கண்ணாடி ஓவியங்கள் குறித்துத் தனிநூல் எழுதிய பின்னரும், தஞ்சைக் கண்ணாடி ஓவியங்களைப் பலகை ஓவியங்களின் மலிவான நகல்களாகக் கருதும் போக்கு நீடிக்கிறது. இம்மதிப்பீடு செய்முறையைக் கருத்திற்கொள்ளவில்லை.

பலகையில் நுண்கோடுகள் இறுதியில் அமையும். கண்ணாடியின் பின்புறத்தில் வரைபவரோ கண், நகை, ஆடைக்கரை ஆகியவற்றை முதலில் தீட்டிப் பின்னணியை இறுதியில் நிரப்புகிறார். இடமும் வலமும் மாறித் தோன்றுவதால் வெண்ணெய் ஏந்தும் கண்ணனின் கையையும் மாற்றியே வரைதல் வேண்டும். எருசலேமில் மோசே மிஸ்ராகி கண்ணாடியில் தீட்டிய யூத வழிபாட்டு ஓவியங்களில் எபிரேய எழுத்துகளுக்கும் இந்நியதியே பொருந்தும். மேல்வண்ணம் பூசியபின் முதற்கோட்டைத் திருத்த இயலாது.

ஆகவே, இறுதித் தோற்றத்தை முன்னரே மனத்தில் அமைக்கும் திறனே இக்கலைக்குரிய அளவுகோலாதல் வேண்டும். நகல்தானே எனக் கருதி, சட்டம் மாற்றுகையில் பின்புறத்தைத் துடைத்தால் அழிவது அழுக்கன்று, ஓவியமே.